பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் அடிக்காதீர்கள்: ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை செலவழித்தவளின் கணக்கு

ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் போகவில்லை. ஒன்றரை வருஷத்துக்குள் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தோம். முதல் தடவை ஆப்பில் புக் செய்கிற ஒரு சர்வீஸ், இரண்டாவது தடவை திண்டிவனத்துப் பக்கத்து பெயின்ட் மேஸ்திரி ஒருவர். இரண்டைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். சர்வீஸின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்ததை எல்லாரும்தான் செய்கிறார்கள்.

வீடு வேளச்சேரியில், 1996இல் கட்டியது, தரைத்தளம் மட்டும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் ஹாலில் முழங்காலுக்குத் தண்ணீர். வடிந்தபிறகு பார்த்தால் சுவரில் ஈரம் ஏறி மூன்றடி உயரத்துக்குப் பழுப்புக் கோடு. ஜனவரி கடைசியில் மகளுக்கு வளைகாப்பு. "பொங்கலுக்குள்ள வெள்ளையடிச்சுடணும்" என்று என் மாமியார் காலத்திலிருந்து வருகிற பேச்சு வேறு. சர்வீஸை வரவழைத்தோம்.

வந்தவர்கள் சுறுசுறுப்பு. லேசர் வைத்து அளந்து, டேப்லெட்டில் தட்டி, அரை மணி நேரத்தில் எஸ்டிமேட். 2,940 சதுர அடி, அடிக்கு 24 ரூபாய், மொத்தம் 70,560. அன்று இரவு நான் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அளந்தேன். சுவர் 1,850, சீலிங் 780, ஆக 2,630. மிச்சம் 310 அடி கதவும் ஜன்னலும். கேட்டால், கதவு ஜன்னலைக் கழிக்காமல் அளப்பதுதான் வழக்கமாம். ஓரம் வெட்டி அடிக்கிற வேலை இருக்கிறதே என்கிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த 310 அடிக்கு 7,440 ரூபாய். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டு சர்வீஸை ஒப்பிட்டால் அடிக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், யார் எத்தனை அடி காட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சோபா, டிவி, பூஜை மாடம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டில் மூடி டேப் ஒட்டினார்கள். உப்புத்தாளைக் கையால் தேய்க்காமல், தூசியை அப்படியே உறிஞ்சிக்கொள்கிற மெஷினால், சுவரைச் சமமாக்கப் பூசுகிற பட்டியைத் தேய்த்தார்கள். ஆஸ்துமாக்காரரான என் கணவர் அந்த ஐந்து நாளும் வீட்டிலேயே இருந்தார். போகும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். வளைகாப்பு போட்டோவில் சுவர் ஜோராக இருக்கிறது.

மே மாதம் ஹாலில் கொப்புளம் கிளம்பியது. ஆகஸ்டில் அலமாரியை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்க பொரிந்து, விரல் வைத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வாரன்டி கேட்டேன். வெள்ளத்தாலும் தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தாலும் வருகிற சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதாம். இருந்தது. கணக்குப் பிரிவில் அத்தனை வருஷம் இருந்தவள் மூன்றாம் பக்கத்தைப் படிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றுக்காக. முதல் நாள் அவர்களுடைய சூப்பர்வைசர் ஈரம் பார்க்கிற கருவியைச் சுவரில் குத்தினார், சிவப்பு விளக்கு எரிந்தது. "டாம்ப் ப்ரூஃப் பிரைமர் போட்டா சரியாயிடும் மேடம்" என்றார். ஈரத்தைத் தடுக்கிற அடிப்பூச்சு அது. நானும் தலையாட்டினேன்.

மறு வருஷம் மேஸ்திரி வந்தார். பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்தவரைக் கணவர் கூட்டிவந்தார். கருவி எதுவும் இல்லை. புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் ஷீட்டைக் கேட்டு வாங்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, "காலைல பாருங்கம்மா" என்று போய்விட்டார். காலையில் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் நனைந்தால் அது வீட்டுக் காற்றில் இருக்கிற ஈரம், உள்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிற ஈரம். காசு இல்லாத பரிசோதனை. பெயின்ட் அடிக்க நினைக்கிற எல்லாரும் முதலில் இதைச் செய்யுங்கள்.

அவரிடம்தான் கேட்டேன், எங்கள் அப்பா காலத்தில் மார்கழியில்தானே வெள்ளையடிப்போம், அப்போதெல்லாம் உரியவில்லையே என்று. மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார்கள். கொஞ்சம் நீலம், கொஞ்சம் வஜ்ஜிரப் பசை சேர்த்து மட்டையால் அடிப்பார்கள்.

"அது சுண்ணாம்பும்மா. அதுக்கு ஈரம் வேணும், சுவத்த நனைச்சுட்டுத்தான் அடிப்போம். இது பிளாஸ்டிக். சுவத்துக்கு ரெயின்கோட் மாட்டுற மாதிரி. உள்ள தண்ணி இருக்கும்போது மாட்டுனா எங்க போவும்?"

இத்தனை வயதுக்கு எனக்கு இது உறைக்கவில்லை. சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை வாங்கி இறுகுகிறது, அதற்கு ஈரம் உதவி. அடித்தபிறகும் சுவர் மூச்சு விடும். எமல்ஷன், அதாவது இப்போது சுவருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பெயின்ட், காய்ந்தால் மேலே ஒரு படலம். சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் மழை குடித்த சுவர், ஜனவரியில் நிறைய ஈரத்தோடுதான் நிற்கும். சுண்ணாம்புக்குப் பொருந்திய மாதத்தைப் பிடித்துக்கொண்டு நாம் எமல்ஷன் அடிக்கிறோம். போதாக்குறைக்கு அந்த மாதத்தில்தான் ஆளும் கிடைக்காது, கூலியும் கூடுதல். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் அடியுங்கள்.

ஏப்ரல் முதல் வாரம் கொத்தனார் வந்து, கீழே மூன்றரை அடிக்குக் காரையைச் செங்கல் தெரியக் கொத்தினார். அப்படியே ஆறு வாரம் விட்டோம். வருகிறவர்கள் எல்லாம் "என்ன, வீட்ட இடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். வாரம் ஒருமுறை உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளி வெளியே கொட்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு புதுப் பூச்சு. பூச்சு ஆறுவதற்கு 28 நாள் விட வேண்டும். மே நடுவில் பூசி ஜூன் நடுவில்தான் பிரைமரைத் தொட்டார்கள். அந்த இடைவெளியில் வெளிச்சுவரை முடித்தார்கள்.

வெளிச்சுவருக்கு பெர்ஜர் வெதர்கோட், உள்ளே ஏசியன் பெயின்ட்ஸ் டிராக்டர் எமல்ஷன், ஒட்டுப் போட்ட இடங்களுக்கு பிர்லா ஒயிட் பட்டி. உள்ளே விலை கூடிய ரகம் போடலாமா என்று கேட்டேன். "அந்தக் காச பூச்சுல போடுங்கம்மா" என்றார். வெளியே பெயின்ட்டைவிட அதற்கு முந்திய வேலைதான் முக்கால்வாசி. கைப்பிடிச் சுவரின் தலையில் இருந்த விரிசல், சன்ஷேட் சுவரோடு சேருகிற இடம், இந்த இரண்டு வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விரிசலை ஆங்கில 'வி' போலக் கீறி அகலமாக்கி அடைத்தார்கள். பாசி பிடித்த வடக்குச் சுவரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்து, தேய்த்து, கழுவி, இரண்டு நாள் காயவிட்டார்கள். மே வெயிலில் அவர்கள் அடித்த முறையைத்தான் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் மேற்குச் சுவர், மத்தியானத்துக்கு மேல் கிழக்குச் சுவர். நிழலைப் பின்தொடர்ந்து போவார்கள். சுடுகிற சுவரில் அடித்தால் பிரஷ்ஷிலிருந்து இறங்கியதுமே காய்ந்து கோடு விழும், சரியாகப் பிடிக்காது.

இனி காசு விஷயம். பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கு டோக்கன் இருக்கிறது, தெரியுமா? கம்பெனிகள் அதற்குப் பணமோ பாயின்டோ கொடுக்கின்றன. சில பேர் நல்ல டோக்கன் வருகிற டப்பாவைத்தான் சிபாரிசு செய்வார்கள். இவர் முதல் நாளே, "டோக்கன் எங்களுக்கும்மா, சொல்லிட்டேன்" என்றார். சொன்னதாலேயே கொடுக்கத் தோன்றியது. ஆனால் டப்பாவை நான் நிற்கும்போதுதான் திறக்க வேண்டும், காலி டப்பா எல்லாம் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருக்க வேண்டும் என்றேன். உள்ளே இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60லிருந்து 65 அடி வரும் என்று வைத்துக்கொண்டால் 2,630 அடிக்கு 40லிருந்து 44 லிட்டர். எங்களுக்கு 43 ஆனது. இதைவிட ரொம்பக் குறைவாக முடிந்தால் சந்தோஷப்படாதீர்கள், தண்ணீர் அதிகம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு கலக்கலாம் என்று டப்பாவின் மேலேயே போட்டிருக்கும்.

கலர் மெஷினில் கலக்குகிற நிறங்களை மொத்தமாக ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். நாங்கள் பெட்ரூமுக்கு ஒரு லிட்டர் பற்றாமல் பத்து நாள் கழித்து வாங்கினோம், அதே நம்பர்தான், ஆனால் ஜன்னலோரம் பகலில் வித்தியாசம் தெரிகிறது. கணவர் தெரியவில்லை என்கிறார். அவருக்கு எதுதான் தெரிந்தது.

ஜன்னல் கம்பிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1996இல் கம்பிக்கு அடித்த எனாமல் பெயின்ட்டில் எவ்வளவு இருந்ததோ. காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி முழுக்க வீட்டுக்குள். நனைத்துத் தேய்க்கச் சொன்னேன். பேத்தியை அந்த மூன்று நாள் மகள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மேஸ்திரி மெத்தனம்தான், "முப்பது வருஷமா தேய்க்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றார். ஆனால் மாஸ்க் வாங்கிக் கொடுத்ததும் போட்டுக்கொண்டார்.

செலவு: பெயின்டர்கள் 38 ஆள்கூலி, ஆளுக்கு 1,000. பெயின்ட், பிரைமர், பட்டி 41,000. கொத்து வேலை 27,000. ஆக 1,06,000, உள்ளும் வெளியும் சேர்த்து. ஒப்பந்தம் பேசாமல் தினக்கூலிக்கு விட்டதால் வேலை நீண்டது. ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் திருவிழா என்று ஆள் வராமல் நான்கு நாள் போனது. அந்த நாட்களில் சோபா மேல் சேலையைப் போர்த்தி வைத்துக்கொண்டு தூசியில் உட்கார்ந்திருந்தேன், சர்வீஸ்காரர்களின் பிளாஸ்டிக் ஷீட்டை நினைத்துக்கொண்டு. மூடி வைக்கிற வேலையை மேஸ்திரி ஆட்கள் செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் செய்ய வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ளவரோ இருந்து, சுவரும் நன்றாகக் காய்ந்திருந்தால், சர்வீஸ்தான் சரி. மாடி வீட்டுக்கு யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது மேஸ்திரி, "இது வியாதிய குணப்படுத்தாதும்மா, தள்ளிப் போடும். பீரோவ சுவத்துலேர்ந்து ரெண்டு இஞ்ச் தள்ளியே வைங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஹாலும் பெட்ரூம்களும் நன்றாக இருக்கின்றன. பாத்ரூமை ஒட்டிய மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிகிறது. போன் செய்தேன். பொங்கலுக்கு முன்னாடி வேணும்னா வந்து ஒரு கோட் இழுத்துட்டுப் போறேன் என்றார். வேண்டாம், மாசியில் வாருங்கள், அதுவரை காயட்டும் என்று சொல்லிவிட்டேன்.