சைட் வேர்ட்ஸ் விளையாட்டுப் பெட்டி: எதை எடுக்கலாம், எதை விடலாம்

எழுத்துக்கூட்டி நிற்காமல் கண்டவுடன் படிக்க வேண்டிய ஆங்கிலச் சொற்களை, பள்ளிகள் சைட் வேர்ட்ஸ் என்று சொல்லி வீட்டுப்பாடமாக அனுப்பும் சொற்களை, விளையாட்டாகவே கற்பித்துவிடலாம் என்று சொல்லும் பெட்டிகள் இணையத்தில் பலவாக விற்கின்றன. அவற்றுள் ஒன்றை 1,799 ரூபாய்க்கு வாங்கி, காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் எங்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், மாலை நேரத்தில் கூடும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். யு.கே.ஜி. படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன், அவனோடு ஒத்த வயதுடைய அண்டை வீட்டுப் பிள்ளைகள், அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் இரு சிறுமிகள் ஆகியோரே இதைப் பயன்படுத்தியவர்கள். விற்பனையாளரின் பெயரை எழுதவில்லை. பெட்டியின் மேலட்டை மாறினாலும் உள்ளே இருக்கும் பொருள்கள் பெரும்பாலும் இவையே என்பதால், எவரிடம் வாங்குபவருக்கும் இது பொருந்தும்.

பெட்டியில் சொல் அட்டைகள், காந்த எழுத்துகள், ஒரு வெள்ளைப் பலகை, வண்ண மணலும் தட்டும், குதித்து விளையாடும் பிளாஸ்டிக் விரிப்பு, காந்தத் தூண்டிலுடன் அட்டை மீன்கள், சொல்லக் கேட்டுக் கட்டத்தில் குறிக்கும் பிங்கோ தாள்கள், ஈயடிக்கும் மட்டை வடிவில் இரு பிளாஸ்டிக் மட்டைகள், ஒலிகளைப் பிரித்து வைப்பதற்குக் கட்டம் போட்ட அட்டைப் பட்டைகள், ஒரு கையேடு ஆகியவை இருக்கின்றன. விலையையும் பொருள்களின் எண்ணிக்கையையும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால், இவற்றுள் எது குழந்தைக்குப் படிப்பைத் தருகிறது, எது பொழுதை மட்டும் போக்குகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொல் அட்டைகளை எடுத்துக்கொள்வோம். இவை அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட பட்டியலை அப்படியே பின்பற்றுகின்றன. அக்காலத்துக் குழந்தைகள் நூல்களில் மிகுதியாக வந்த 220 சொற்களை அவர் தொகுத்தார். பெயர்ச்சொற்கள் 95-ஐத் தனியே பட்டியலிட்டார். பின்னாளில் 220 சொற்களும் வகுப்பு வாரியாக 40, 52, 41, 46, 41 என்று ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டன. இந்தப் பெட்டியின் ஐந்து வண்ண உறைகளும் அந்த அடுக்குகளே. அடுக்குமுறை நல்லதுதான், முதல் உறையிலுள்ள 40 சொற்கள் வசமானாலே எளிய கதைப் புத்தகத்தின் பக்கம் ஒன்று குழந்தைக்கு ஓரளவு திறந்துவிடும். பெயர்ச்சொல் அட்டைகளில்தான் சிக்கல் இருக்கிறது. பனி, ராபின் பறவை, சாண்டா கிளாஸ் என்று அமெரிக்கக் குளிர்காலமே அவற்றில் இறங்கியிருக்கிறது. சித்திரை வெயிலில் இவற்றைப் பிள்ளைகளிடம் நீட்டுவதைவிட, அந்த அட்டைகளைத் தொடாமலே வைத்துவிடுவது நலம். பெயர்ச்சொற்களைப் படத்தோடும் பொருளோடும் கற்பிக்கலாம்; கண்டவுடன் படிக்க வேண்டிய பட்டியலில் அவற்றைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

அட்டைகளின் அச்செழுத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தின் முதல் சிறிய எழுத்தைப் பள்ளியில் வட்டமும் ஒரு கோடுமாக எழுதப் பழக்குகிறார்கள். அட்டையிலோ மேலே கொக்கி வளைந்த அச்சு வடிவம் இருக்கிறது. பேரன் அதைப் பார்த்து, “ஆயா, இது என்ன எழுத்து? எங்க மிஸ் சொல்லித் தரலையே” என்று கேட்டான். முப்பது விநாடியில் தீரும் ஐயம் என்றாலும், ஐந்து வயதுக் குழந்தைக்கான பொருளைத் தயாரிப்பவர் இதை முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்.

கையேட்டின் முதல் அறிவுரையோடு நான் முற்றிலும் வேறுபடுகிறேன். அட்டையை மூன்று விநாடி காட்டி, சொல்லைச் சொல்லி, அடுத்த அட்டைக்குச் செல்லுமாறு அது கூறுகிறது. சொல்லின் உருவத்தைப் படம்போல் மனத்தில் பதிக்க வைக்கும் பழைய முறை இது. ஒரு சொல் நினைவில் நிலைப்பது அதன் எழுத்துகள் அதன் ஒலிகளோடு பிணையும்போதுதான் என்பது வாசிப்பு ஆய்வாளர் லினேயா ஈரியின் ஆய்வுகள் நிறுவிய கருத்து. உருவத்தை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளை ‘இருந்தது’ என்னும் பொருளுடைய ‘வாஸ்’ என்பதையும் ‘பார்த்தான்’ என்னும் பொருளுடைய ‘சா’ என்பதையும் மாற்றிப் படிக்கிறது, ஏனெனில் இரண்டிலும் இருப்பவை அதே மூன்று எழுத்துகள்தாம். மேலும், டால்ச் பட்டியலில் உள்ள ‘இட்’, ‘இன்’, ‘கேன்’, ‘பிக்’, ‘ரன்’, ‘நாட்’ முதலியவை எழுத்துக்கூட்டினாலே வந்துவிடும் சொற்கள். அவற்றை உருப்போட வைப்பது குழந்தையின் உழைப்பை வீணாக்குவதாகும்.

உண்மையில் முரண்டு பிடிக்கும் சொற்கள் சிலவே. அவற்றிலும் முழுச்சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. ‘சொன்னான்’ என்னும் பொருளில் ‘செட்’ என்று ஒலிக்கும் சொல்லில் முதலில் வரும் எஸ்ஸும் கடைசியில் வரும் டியும் ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன; நடுவில் நிற்கும் ஏ, ஐ என்ற இரண்டு மட்டுமே ஏமாற்றுகின்றன. அந்த இரண்டின்மேல் மட்டும் சிவப்பு மையால் ஒரு சிறு இதயம் வரைந்து, அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லும் முறை இப்போது பல ஆசிரியர்களிடம் பழக்கத்தில் உள்ளது. பெட்டியில் இதற்கு ஏற்பாடு இல்லை. ஆனால், வெள்ளைப் பலகையும் சிவப்புப் பேனாவும் இருப்பதால் நாமே செய்துகொள்ளலாம். ‘ஹீ’, ‘ஷீ’, ‘வீ’, ‘மீ’, ‘பீ’ ஆகிய ஐந்தையும் ஒன்றாக வைத்துக் கற்பித்தால் ஒரே விதியில் ஐந்தும் முடிந்துவிடும். ‘கம்’, ‘சம்’ இரண்டும் அப்படியே. அட்டைகளை உறை வரிசையில் எடுக்காமல் இவ்வாறு குடும்பம் குடும்பமாகப் பிரித்து அடுக்கியபோது, பிள்ளைகள் தாமாகவே அடுத்ததை ஊகித்துப் படித்தார்கள்.

பெட்டியின் மிகச் சிறந்த பகுதி, அதன் விளம்பரப் படத்தில் மூலையில்கூட இடம்பெறாத அந்தக் கட்டம் போட்ட அட்டைப் பட்டைகள்தாம். சோவியத் உளவியலாளர் தானியேல் எல்கோனின் வகுத்த பயிற்சி இது. ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லி, கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வில்லையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும்; பிறகு வில்லைகளின் இடத்தில் எழுத்துகளை வைக்க வேண்டும். பெட்டியில் வந்த வில்லைகள் மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனவை, தரையில் ஒட்டிக்கொண்டு பிஞ்சு விரலுக்கு எடுபடவில்லை. பட்டைகளும் ஒரே வாரத்தில் ஓரம் பிய்ந்துவிட்டன. ஆகவே, அலமாரியில் கிடந்த பல்லாங்குழியை எடுத்து, ஒரு பக்கத்து ஏழு குழிகளையே கட்டங்களாக்கி, வில்லைக்குப் பதிலாகச் சோழி கொடுத்தேன். குழிக்குள் சோழி விழும் சத்தமே ஒலியை எண்ணுவதற்குத் துணையாக அமைந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகு பெட்டியிலிருந்த பட்டைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பயிற்சி தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏன் இன்றியமையாதது என்பதும் சோழி போடும்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. ‘இட்’ என்ற சொல்லுக்கு இரண்டு சோழிகள் போதும். பேரனோ மூன்று போட்டான். ஏனென்று கேட்டபோது, “இ, ட், உ” என்று ஒவ்வொரு குழியாகத் தொட்டுக் காட்டினான். அவன் காதில் விழுந்தது ‘இட்டு’. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. பந்து, வீடு, ஆறு, நாக்கு என்று குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ‘ஆண்ட்’ என்பது ‘ஆண்டு’ ஆகிறது, ‘ஹெல்ப்’ என்பது ‘ஹெல்ப்பு’ ஆகிறது. பிள்ளை சொல்லும் அந்த உகரத்தை நாம் கவனிக்காமல் விட்டால், எழுதும்போது எங்கிருந்தோ ஒரு யூ வந்து சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது சோழியைத் திரும்ப எடுக்கச் செய்து, வாயை மூடி நிறுத்திச் சொல்லப் பழக்கியதும் அது சரியாயிற்று. இரண்டாம் வகுப்புச் சிறுமிகளுக்கோ வேறு தடை இருந்தது. ‘பெரிய’ என்னும் பொருளுடைய ‘பிக்’, ‘எடு’ என்னும் பொருளுடைய ‘பிக்’ இரண்டுமே டால்ச் பட்டியலில் உள்ளன. தமிழ் வரிவடிவில் இரண்டும் ஒன்றே. தொண்டையில் கை வைத்து, எதில் அதிர்வு இருக்கிறது என்று பார்க்கச் செய்த பிறகே அவர்கள் முதல் எழுத்தை மாற்றாமல் எழுதினார்கள். தமிழ்நாட்டில் விற்பதற்கென்று ஒரு கையேடு எழுதுபவர் முதல் பக்கத்தில் வைக்க வேண்டிய செய்திகள் இவை. இந்தக் கையேட்டில் இவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கையேடும் முழுக்க ஆங்கிலத்திலேயே இருப்பதால், மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தாக்களும் ஐயாக்களும் அதைப் புரட்டிப் படம் பார்க்கத்தான் முடியும்.

குதிக்கும் விரிப்பு ஆபத்தானது என்றே சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த, பல காலம் துடைத்துத் துடைத்து வழவழப்பேறிய எங்கள் பட்டாலைத் தரையில் அதை விரித்த முதல் நாளிலேயே ஒரு சிறுமி வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். விரிப்பின் அடியில் பிடிமானத்துக்கு எதுவும் இல்லை. அதைச் சுருட்டி வைத்துவிட்டு, சொல் எழுதிய காகிதத் துண்டுகளைப் பசை நாடாவால் தரைக் கற்களிலேயே ஒட்டினேன். ஒரு கல்லில் ஒரு சிறு பாதம் சரியாக அடங்குகிறது. கல்லின் பூ வேலைப்பாடே கட்டமாகவும் அமைந்துவிடுகிறது. ‘எங்கே’ என்னும் பொருளுடைய ‘வேர்’ என்று நான் சொன்னால் அந்தச் சொல் உள்ள கல்லுக்குத் தாவி, நின்ற இடத்திலேயே எழுத்துகளைச் சொல்லி, அதை வைத்து ஒரு வாக்கியம் அமைத்த பிறகுதான் அடுத்த தாவல். விரிப்பில் கிடைக்காத இன்னொரு வசதியும் இதில் உண்டு: வாசல்வரை சொற்களைப் பரப்பலாம்.

வண்ண மணலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரலால் எழுதுவதற்கு மணல் ஏற்றதே. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய தலைமுறைக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், இந்தச் செயற்கை மணல் விரலில் சாயம் விடுகிறது. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பிக் கொடுத்தால் எழுத்தின் வளைவு நன்றாகத் தெரிகிறது, சிந்தினாலும் பெருக்கி எடுத்துவிடலாம். எழுதும்போது எழுத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் ஒலியைச் சொல்லி எழுத வேண்டும் என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது.

மீன் பிடிக்கும் விளையாட்டுக்குத்தான் பிள்ளைகளிடம் போட்டி அதிகம். கற்றலில் கடைசி இடமும் அதற்கே. தூண்டிலின் காந்தம் வலுவற்றது என்பதால், மீனைத் தூக்குவதிலேயே பொழுது கழிகிறது. ஒரு பிள்ளை அரை மணி நேரத்தில் நான்கைந்து சொற்களைத்தான் படிக்கிறது. கை பழகுவதற்கு அது நல்ல பயிற்சி. படிப்பு என்ற கணக்கில் அதை எழுத முடியாது. மட்டையால் சொல்லை அடிக்கும் விளையாட்டில் வயதில் மூத்த பிள்ளையே எப்போதும் வெல்வதால், சிறிய பிள்ளை இரண்டாவது ஆட்டத்திலேயே மட்டையைக் கீழே போட்டுவிடுகிறது. ஒருவரோடு ஒருவரை மோதவிடாமல், இருவரும் ஒரே அணியாக மணற்கடிகாரத்தை எதிர்த்து ஆடுமாறு மாற்றியபோது சச்சரவு நின்றது. பிங்கோ தாள்கள், விடுமுறைக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வந்து கூடும் நாள்களுக்கு மிகவும் ஏற்றவை. பெரியவர்களும் உட்கார்ந்து ஆடலாம்.

இவற்றையெல்லாம் தினமும் எடுத்துப் பரப்ப வேண்டியதில்லை. வாரத்துக்கு ஐந்து புதிய சொற்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் என்பதே பிள்ளைகள் சலிக்காமல் தாங்கும் அளவு. தெரிந்த சொற்களை ஓர் ஓலைக் கொட்டானிலும், தடுமாறும் சொற்களை மற்றொரு கொட்டானிலும் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு சொல் இந்தக் கொட்டானிலிருந்து அந்தக் கொட்டானுக்குப் போக, குழந்தை அதைக் கதைப் புத்தகத்தின் ஒரு வரியிலும் தானே கண்டுபிடித்துப் படித்துக் காட்ட வேண்டும். அட்டையில் மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தில் விழிக்கும் பிள்ளைகளை இந்த நிபந்தனை எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ் செயல்பாடுகள் வழியே படித்துப் பழகிய அந்த அரசுப் பள்ளிச் சிறுமிகள் இவ்வகை விளையாட்டுகளின் விதிகளை உடனே பற்றிக்கொண்டு, சிறியவர்களுக்கும் தாமே சொல்லிக்கொடுத்தார்கள்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை இது. வீட்டில் பல்லாங்குழியும் சோழியும் தாம்பாளமும் இருந்தால், முழுப் பெட்டியை வாங்குவது வீண் செலவு. வெள்ளைப் பலகை, இரு வண்ணப் பேனாக்கள், கெட்டி அட்டைத் தாள் ஆகியவை காரைக்குடியில் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். அட்டைகளில் சொற்களைப் பள்ளி எழுத்து வடிவிலேயே நம் கையால் எழுதிக்கொள்ளலாம். கடையில் எளிதில் கிடைக்காதவை அந்தக் காந்த எழுத்துகள் மட்டுமே. அவை தடிமனாகவும் விளிம்பு மழுங்கியும் பிள்ளைகளின் கைக்கு அடக்கமாகவும் உள்ளன. உயிரெழுத்துகளை ஒரு நிறத்திலும் மற்றவற்றை வேறு நிறத்திலும் தந்திருப்பது நல்ல யோசனை. ஆனால், உயிரெழுத்துகள் மட்டுமே இரண்டிரண்டாக இருக்கின்றன, மற்றவை ஒவ்வொன்றுதான். முதல் உறையிலேயே உள்ள ‘லிட்டில்’, ‘ஃபன்னி’, ‘யெல்லோ’ ஆகிய சொற்களை இவற்றைக் கொண்டு அமைக்க முடியாது. விற்பனையாளரிடம் கேட்டதற்கு, இரண்டாவது எழுத்துத் தொகுப்பைத் தனியாக 249 ரூபாய்க்கு அனுப்புவதாகவும், அஞ்சல் செலவு வேறு என்றும் பதில் வந்தது. அந்தத் தொகுப்பையே இரண்டு வாங்கிக்கொண்டு பெட்டியை விட்டுவிடுவதுதான் கணக்குக்கு ஒத்துவருகிறது.