வயலுக்குப் பட்டி கட்ட வரும் ஐயா: கூப்பிடலாமா?

சிறுபோகம் வெட்டி முடிந்து, காலபோக மழை இறங்குவதற்கு முந்திய ஆவணி, புரட்டாதி வெயிலில்தான் வன்னியில் வயலுக்குப் பட்டி கட்டுவார்கள், அதாவது சாணமும் மூத்திரமும் பசளையாகட்டும் என்று மாடுகளை இரவில் வயலிலேயே அடைத்து வைப்பார்கள். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்கு நூறு நாட்டு மாடுகளோடு வந்து இராத் தங்கும் ஒரு பட்டிக்காரரின் சேவையைப் பற்றியது இது. நாற்பது வருடமாக மாட்டோடு வாழ்கிறவர். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் 'பட்டி ஐயா'. அவரைக் கூப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: தாராளமாகக் கூப்பிடலாம். எந்தத் தரைக்கு எத்தனை இரவு என்பதை மட்டும் நீங்கள் கணக்குப் பார்த்து வையுங்கள்.

கணக்கு இப்படித்தான். நாட்டு மாடு ஒன்று ஒரு இரவில் நாலைந்து கிலோ பச்சைச் சாணம் போடும். மாடு படுத்து அசைபோட மூன்று சதுர மீற்றராவது வேண்டும். நூறு மாட்டுக்கு 300 சதுர மீற்றர் அடைப்பு. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர் என்பதால், இடத்துக்கு ஒரு இரவு வைத்து நகர்த்தினால் 13 அல்லது 14 இரவில் ஏக்கர் முடியும், ஆறு தொன் அளவில் சாணம் விழும். களித்தரைக்கு அது போதும். மணல் கலந்த தரைக்கு இடத்துக்கு இரண்டு இரவு வைக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பயிர் இலை கொழுத்து, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும், எரிபந்தம் என்ற நெல் நோயும் பிடிக்கும். பட்டியும் கட்டி, யூரியாவையும் வழக்கம்போலவே எறிகிறவர்கள்தான் பிறகு பட்டியைக் குறை சொல்கிறார்கள். யூரியாவைக் குறையுங்கள்.

சாணத்தை மட்டும் பார்க்கிறவர்கள் மூத்திரத்தை மறந்துவிடுகிறார்கள். பயிருக்கு உடனே எட்டும் நைதரசன் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. வெயில் பட்டால் அது அமோனியாவாகப் பறந்துவிடும். பட்டி நகர்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் அந்தத் துண்டை உழுது புரட்ட வேண்டும். முழு ஏக்கரும் முடியட்டும் என்று உழவு இயந்திரத்தைக் காக்க வைத்தால் பாதிப் பலன் காற்றோடு போய்விடும். ஐயா இதை முதல் நாளே சொல்லிவிடுவார், கேட்பதும் விடுவதும் வயல்காரர் பாடு.

அடைப்புக் கட்டும் விதத்தில்தான் அவருடைய அனுபவம் தெரிகிறது. முள்ளுக்கம்பி கொண்டு வருவதில்லை, மடி கிழியும் என்பதால். நெஞ்சளவு தறிகள், மூன்று வரிக் கயிறு, அவ்வளவுதான். மூலைகளை வளைத்துக் கட்டுகிறார். நேர்மூலையாக விட்டால் கொம்பு நீண்ட நாம்பன்கள் நலிந்த பசுக்களை அங்கே ஒதுக்கி இடித்துவிடும். கன்றுகளுக்குத் தனி அடைப்பு, தாயின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். காற்று வரும் பக்கத்தில் வேப்பங்குழையும் நொச்சியும் போட்டு மூட்டம் வைக்கிறார். புகை பட்டியின் குறுக்கே போனால்தான் நுளம்பு விலகி மாடு படுக்கும். படுக்காத மாடு வேலியை உடைக்கும்.

இருட்டும்போது எண்ணி அடைப்பதும் விடியும்போது எண்ணித் திறப்பதும் தவறுவதே இல்லை. பட்டியில் பாதி மற்றவர்கள் பங்குக்கு விட்ட மாடுகள். ஒவ்வொன்றின் சுட்ட குறியும் காதுப்பட்டி இலக்கமும் கொப்பியில் இருக்கின்றன. இரண்டையும் எழுதி வைப்பது நல்ல வழக்கம். பற்றைக்குள் மேயும் மாட்டின் காதுப்பட்டி முள்ளில் பிய்ந்துபோகும், குறி போகாது.

நோய் விடயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி போட்ட விபரமும் அதே கொப்பியில் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். ஆனால் புதிதாக வாங்கும் மாட்டை ஒரு கிழமை மட்டும் புறம்பாகக் கட்டுகிறார். அந்த நோய் வெளிப்பட 14 நாள் வரை எடுக்கும், அதனால் ஒரு கிழமை போதாது. உங்கள் வீட்டு மாடுகளைப் பட்டிக்குக் கிட்டக் கட்ட வேண்டாம். பார்த்தீனியக் களை முளைத்த தரையில் மேய்ந்து வந்த பட்டி என்றால் குளம்புச் சேற்றோடு விதை வரும். முந்திய வாரம் எங்கே மேய்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாலும் வாங்கலாம். விடியக் கறந்த பால் நன்றாக இருக்கும், ஒரு முலைக்காம்பைக் கன்றுக்கு விட்டுத்தான் கறப்பார். குறை, கானில்தான். பிளாஸ்டிக் கானின் உட்புறத்தில் விழும் கீறல்களுக்குள் பழைய பால் தங்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. வெயில் ஏறிய பிறகு சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோன பால் திரைந்து திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அலுமினியக் கானுக்கு மாறி, கறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இந்த நட்டம் இருக்காது. இவ்வளவு கவனமான மனிதர் இதில் மட்டும் பிடிவாதமாக இருப்பது எங்களுக்கு மனவருத்தம்.

2022 டிசம்பர் குளிர்காற்றில் வடக்கு, கிழக்கில் ஏராளமான மாடுகள் விறைத்துச் செத்தன. மழையில் நனைந்து, வெட்டையில் ஒதுங்க இடமில்லாமல், தீனும் குறைந்திருந்தவைதான் கூடுதலாகப் போயின. இப்போது மாரியில் காட்டுப் பக்கம் பட்டியைக் கொண்டுபோகும்போது, ஐயா மேட்டுத்தரையாகப் பார்த்து, வடகிழக்குப் பக்கத்தில் தறப்பாளும் பனையோலையும் கட்டி மறைக்கிறார். காலபோகத்துக்கு மாடு ஒப்படைக்க நினைப்பவர்கள் இதைப் போய்ப் பார்த்துவிட்டு ஒப்படைக்கலாம்.

பயிரழிவு வழக்கு வந்தால் அவர் ஒளிவதில்லை. தன் பட்டி மாடு இறங்கியது என்றால் வயலுக்கு வந்து, அழிந்த இடத்தை அடியளந்து, அங்கேயே இழப்பைப் பேசி முடிப்பார். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் திகதி வைக்கும்போது, குளத்து அலைகரையில் மேய்ச்சலுக்கு இடம் விடச் சொல்லி வருடாவருடம் எழுந்து பேசுகிறவரும் அவர்தான். அவர் பேசியதால்தான் அந்தப் பக்கத்துக் கட்டாக்காலித் தொல்லை குறைவு என்பது எங்கள் எண்ணம்.

கூலியைப் பணமாகவும் கொடுக்கலாம், வெட்டிய பிறகு நெல்லாகவும் கொடுக்கலாம். கூட வரும் இரண்டு பொடியன்களுக்கு இராச் சாப்பாடும், மாட்டுக்குத் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. சூடு மிதித்த கையோடு போய்ச் சொல்லி வையுங்கள். முதல் மழைக்குப் பிறகு சேற்றில் மாட்டை அடைக்க அவர் சம்மதிக்கமாட்டார்.