120 செ.மீ. ஆக்டாபாக்ஸ்: பிரீசெட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

முகம் மிருதுவாக, உள்ளிருந்தே ஒளிர்வது போல் படம் வேண்டும் என்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது எடிட்டிங் பிரீசெட்டைத்தான், அதாவது ஒரே கிளிக்கில் படத்தின் தோற்றத்தை மாற்றும் தயார் அமைப்பை. என்னைக் கேட்டால் அந்தக் காசை இந்த ஆக்டாபாக்ஸில் போடுங்கள் என்பேன், விளக்கின் மேல் மாட்டி ஒளியை மென்மையாக்கும் எட்டுப் பக்கத் துணிப்பெட்டி இது. உள்ளே ஒளியைப் பரப்பும் ஒரு டிஃப்யூஷன் துணி, வெளியே ஒன்று, ஒளி பக்கவாட்டில் சிதறாமலிருக்க முன்னால் மாட்ட கிரிட், பின்னால் விளக்கோடு பூட்டும் போவென்ஸ் மவுண்ட். பெரிய பிராண்ட் இல்லை, ஆனால் வேலை சுத்தம்.

நிழலின் ஓரம் எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்பதை வைத்துத்தான் ஒளியை மென்மை என்கிறோம். முகத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை கிடைக்கும், அதனால் இந்த பாக்ஸை 1 மீட்டருக்குள் கொண்டுவந்தால் கன்னத்து நிழல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது, அதையே 3 மீட்டர் தள்ளி வைத்தால் சாதாரண சின்ன விளக்கு மாதிரிதான், நிழல் வெட்டென்று நிற்கும். கிட்டே வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: தூரம் இரட்டிப்பானால் ஒளி கால் பங்காகிவிடும் என்பதால் பின்னணி தானாகவே இருட்டிப்போகும். பாக்ஸின் நடுவை முகத்துக்கு நேராகக் காட்டாமல் கொஞ்சம் முன்னால் திருப்பி, ஓரத்து ஒளியை மட்டும் முகத்தில் விழவைத்துப் பாருங்கள், நெற்றிப் பளபளப்பு பாதி அடங்கிவிடும். கண்ணுக்குள் விழும் ஒளிப்புள்ளியும் ஏறக்குறைய வட்டமாக வருகிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. முன்பக்கம் கனம், ஸ்டாண்ட் காலில் மணல் மூட்டை போடாமல் ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. சாய்வைப் பிடிக்கும் திருகு படம் எடுக்கும்போதே தளர்கிறது. துணி ஒளியை லேசாக மஞ்சளாக்குகிறது, முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி, எடிட்டிங்கில் அதை வைத்து நிறத்தைச் சரிசெய்தால் போதும்.

சரி, எடிட்டிங்? மென்மையை பாக்ஸ் கொடுத்துவிடும், அந்தப் பனி படர்ந்த ஒளிர்வு மட்டும்தான் கணினியில் பாக்கி. புகைப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் கூர்மையான ஒரு ஃபிலிம் ஸ்லைடையும் மங்கலான ஒரு ஸ்லைடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்ததுதான் இதற்கு மூலம். போட்டோஷாப்பில் லேயரை நகலெடுத்து, காஸியன் பிளரால் மங்கலாக்கி (24 மெகாபிக்ஸல் படத்துக்கு நான் 30 பிக்ஸலில் தொடங்குவேன்), லேயர்கள் கலக்கும் விதத்தை (பிளெண்ட் மோட்) ஸ்க்ரீன் ஆக்கி, அந்த லேயரின் அடர்த்தியை (ஒபாசிட்டி) 15 முதல் 20 சதவீதத்துக்குக் குறைத்து, கண், புருவம், உதடு மூன்றிலும் மங்கல் விழாதபடி மாஸ்க்கால் மறைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். லைட்ரூம் மட்டும் வைத்திருப்பவர்கள் கிளாரிட்டியைக் கொஞ்சம் மைனஸில் இறக்கலாம். டெக்ஸ்சரை ரொம்ப இறக்கினால் தோல் துவாரங்கள் போய் முகம் பிளாஸ்டிக் ஆகிவிடும், அது எனக்குத் துளியும் பிடிக்காது.

கருப்பு நிறத் தோலுக்கு இந்த பாக்ஸ் இன்னும் அழகு. ஒளி வரும் பெரிய மேற்பரப்பு கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் அகலமாகப் பிரதிபலித்து நிற்கிறது, ஒளிர்வு அங்கிருந்தே வந்துவிடுகிறது. தயவுசெய்து எக்ஸ்போஷரை ஏற்றி ஆளை வெளுக்க வைக்காதீர்கள்.

கூரை தாழ்ந்த சிறிய அறை என்றால் இதைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்க்க இடமிருக்காது, 90 செ.மீ. அளவையே எடுங்கள். இரண்டு துணியும் சேர்ந்து நிறைய ஒளியை விழுங்குவதால் சின்ன எல்.ஈ.டி. விளக்கோடு இது சரிப்படாது, நல்ல ஃபிளாஷ் கையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.