பல்கலைக்கழகங்கள் சட்டம், ஸ்பைரல் பிரதி: வாங்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலைப் பக்கம் ஒரு ஃபொட்டோக் கொப்பிக் கடையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தைத் தமிழில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கினேன். 1,400 ரூபா. இரண்டு பக்கமும் அச்சு, மேலே பிளாஸ்டிக் மட்டை. கம்பஸில் படிக்கிறவர்களும் வேலை செய்கிறவர்களும் வீட்டில் வைத்திருக்க வேண்டிய பொருள். ஆனால் கட்டுகிற விதத்தில் ஒரு குறை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கியது தம்பியின் மகனுக்காக. பீடச் சபைக்கு மாணவர் பிரதிநிதியாக வந்திருக்கிறான். ஒவ்வொரு பீடச் சபையிலும் அந்தப் பீடத்து மாணவர்கள் தெரிவு செய்யும் இருவருக்கு இடம் கொடுத்திருப்பது இந்தச் சட்டம்தான். பல்கலைக்கழக அலுவலகத்தில் கல்வி அலுவல்களைப் பார்க்கும் மூதவையின் கோப்புகளோடு காலம் கழித்தவள் நான். அதனால் அவன் முதல் கூட்டத்துக்குப் போகுமுன் இதை வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

"மாமி, எல்லாம் விசிட கையிலதானே இருக்கு?" என்று துணைவேந்தரைச் சொல்லிக் கேட்டான்.

"இல்ல மகன், 44ஐ எடுத்து வாசி" என்றேன்.

இந்தப் பிரதியில் என் பணத்துக்குப் பெறுமதி தந்த இடம் அதுதான். 44ஆம் பிரிவு, பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையில் யார் யார் உட்காரலாம் என்று சொல்கிறது. துணைவேந்தர், வளாக முதல்வர்கள், பீடாதிபதிகள், மூதவை அனுப்பும் இருவர். இவர்கள் உள்ளே இருக்கிறவர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாட்களின் தொகை இவர்களை விட ஒன்று கூட. அந்த ஒன்றை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? வாக்கெடுப்பு என்று வந்தால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றாலும் வெளியாட்கள் சேர்ந்தால் முடிவு அவர்களுடையது. இது பொதுப்பணத்தில் நடக்கும் இடம் என்பதால் அப்படி வைத்திருப்பது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கதிரைகளுக்கு யாரைப் போடுகிறார்கள் என்பதை நம் ஊர்ச் சனம் கேட்க வேண்டும். இந்த மாவட்டத்தையும் கல்வியையும் அறிந்தவர் வந்தால் பேரவைக்கு உயிர் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு தேநீர் குடித்துப் போகிறவர் வந்தால் அந்த ஒரு வாக்கு வீண்.

துணைவேந்தர்தான் பேரவைக்கும் மூதவைக்கும் தலைவர் என்பது உண்மை. அவரது நியமனத்தை 34ஆம் பிரிவு சொல்கிறது. பேரவை மூன்று பெயர்களை அனுப்பும், ஆணைக்குழு சிபாரிசு செய்யும், ஜனாதிபதி நியமிப்பார், மூன்று வருடம். ஆட்சேர்ப்பு, காணி, காசு எல்லாம் பேரவையின் பொறுப்பு. பாடநெறி, பரீட்சை, ஆய்வு மூதவையின் பொறுப்பு. வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவார், அன்றாட நிர்வாகம் அவரிடம் இல்லை.

அப்புறம் மருமகன் பக்கம் பக்கமாகப் புரட்டி, "எங்கட கம்பஸ்ட பேரக் காணல்லியே மாமி" என்றான். அச்சில் பிழை ஒன்றும் இல்லை. சட்டம் வந்த 1978இல் நம் பல்கலைக்கழகம் பிறக்கவே இல்லை. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபர் 1இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 21ஆம் பிரிவின்படி அமைச்சர் வர்த்தமானியில் ஒரு கட்டளை வெளியிட்டால் போதும், பல்கலைக்கழகம் ஒன்று சட்டப்படி பிறந்துவிடும். தன் பெயரில் காணி வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம். ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் ஆளுவது இதே சட்டம்தான். அதனால் அம்பாறைப் பக்கம் இருக்கிறவர்களும் தயங்காமல் வாங்கலாம்.

சரி, குறைக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறையப் பிரிவுகளை மாற்றியது. கடையில் மூலச் சட்டத்தை முதலில் வைத்து, திருத்தங்களை வால்போல் கடைசியில் கட்டிவிட்டார்கள். பழைய வரியை வாசித்து, அதையே இன்றைய சட்டம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டால் மாணவனுக்குத் தலைகுனிவு. நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, மாற்றப்பட்ட பிரிவுகளின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் திருத்தப் பக்க இலக்கத்தை எழுதினேன். பேனை மறுபக்கம் ஊறியது, தாள் அவ்வளவு மெல்லிசு. எழுத்தும் சிறிது, கண்ணாடி போட்டும் உபபிரிவு இலக்கங்களை வாசிக்கச் சிரமப்பட்டேன்.

கடைப் பொடியன் நல்ல மரியாதை. இரண்டு பக்கம் கறுத்து விழுந்திருந்தது, கேட்டதும் காசு கேட்காமல் மாற்றித் தந்தான். நீங்கள் போனால் கொஞ்சம் தடித்த 80 ஜிஎஸ்எம் தாளில் அடிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடக் கேட்பார்கள், பரவாயில்லை. திருத்தச் சட்டத்தை வேறாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து வாசிக்கலாம்.