கிரேக்கத் தீவான இக்காரியாவுக்குப் படகு வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா?

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சாமோஸ் தீவின் பித்தகோரியோ துறைமுகத்தில் கேப்டனோடு சேர்த்து ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தோம். ஆகஸ்ட் மாதம். கூட்டமில்லாத மலைத்தீவு வேண்டும் என்றதும் இக்காரியாவைச் சொன்ன ஏஜென்ட், "தென்கரையில் ஒதுங்கிவிட்டால் காற்றே தெரியாது, மலை மறைத்துக்கொள்ளும்" என்றார்.

பச்சைப் பொய். கோடையில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்கிற வடகாற்று அடிக்கும். இக்காரியா கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் தீவு. அதன் முதுகெலும்பாக ஓடும் அதெராஸ் மலை 1,000 மீட்டருக்கு மேல் உயரம். அதில் ஏறும் காற்று தென்பக்கம் சரிந்து, திறந்த கடலில் இருப்பதைவிட மூர்க்கமாக வந்து விழும். அந்தக் கடலில் படகு ஓட்டும் எவருக்கும் இது தெரியும். ஏஜென்டுக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்தத் தென்கரையில் ஒதுங்கிய ராத்திரி நங்கூரம் பிடி விட்டு இழுபட ஆரம்பித்தது. சங்கிலியைச் சுற்றும் மோட்டார் திணறி நின்றுவிட்டது. கேப்டனும் நாங்களும் கையாலேயே இழுத்தோம். அந்த மோட்டார் பலவீனமானது என்று முதல் நாளே கேப்டன் முணுமுணுத்திருந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் குறையில்லை.

திரும்பி வந்ததும்தான் வேடிக்கை. மோட்டார் எரிந்தது எங்களால்தானாம். அடிப்பாகத்தில் கீறலாம், அதுவும் எங்களால்தானாம். பாதுகாப்பு வைப்புத்தொகை முழுவதையும் படகுக் கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய கேப்டன், அவர்களுடைய மோட்டார், பணம் மட்டும் எங்களுடையது! இது போதாதென்று டீசல், சுத்தம் செய்யும் கட்டணம், கேப்டனின் சாப்பாடு என்று தனித்தனியாக ரொக்கம் வேறு. 'எல்லாம் அடக்கம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். எழுதிக் கேட்டதற்கு வந்த பதில், அடுத்த வருடத்துக்கான தள்ளுபடிக் கூப்பன்.

அப்படியும் போவதானால், படகைப் பொறுப்பில் எடுக்கும்போதே நங்கூரச் சங்கிலி முழுவதையும் இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். பழைய கீறல்களை ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேப்டன் ஓட்டும்போது ஏற்படும் சேதத்துக்கு வைப்புத்தொகையில் கை வைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.

தீவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் படகே வேண்டாம். ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து இக்காரியாவின் துறைமுகங்களான எவ்டிலோஸுக்கும் ஆயியோஸ் கிரிகோஸுக்கும் பயணிகள் கப்பல் போகிறது. தெர்மா வெந்நீர் ஊற்றுகள் ஆயியோஸ் கிரிகோஸுக்குப் பக்கத்தில்தான்.