நாலடித் தொட்டி, மூன்று வகை சிக்லிட்: சில வருஷ அனுபவம்

முதல்முறையாக சிக்லிட் வளர்க்கப் போகிறவர் என்ன மீன் வாங்கலாம் என்று கேட்டால் எல்லோ லேப், ரஸ்டி, அசெய் ஆகிய மூன்றைத்தான் சொல்வேன். மூன்றும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் நாலடித் தொட்டிக்கு இவை குட்டிகளாக வந்தன. வளர்ந்து குஞ்சு போட்டு, அந்தக் குஞ்சுகளும் இப்போது பெரிய மீன்களாகிவிட்டன. வாங்கிய புதிதில் எந்தத் தொட்டியும் நன்றாகத்தான் தெரியும். சிக்லிட் விஷயத்தில் ஒரு வருஷமாவது போகாமல் கருத்து சொல்லக் கூடாது. பருவத்துக்கு வந்த பிறகுதான் அதன் குணம் வெளியே வரும்.

சிக்லிட் என்பது பெரிய குடும்பம். நாம் பொரித்துச் சாப்பிடும் தீலாப்பியா, கேரளத்துக் கரிமீன், ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், 1990களில் நம் மலேசியாவில் கலப்பினமாக உருவான பிளவர்ஹார்ன் எல்லாம் அதில் அடக்கம். ஒரே குடும்பம்தானே, சேர்த்து விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்கஸ் அமேசானின் மென்மையான, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீரில் வந்தது. மலாவி ஏரித் தண்ணீரோ ஓரளவு கடினமானது, காரத்தன்மை உள்ளது, அதன் பிஎச் (அமில, கார அளவு) 8ஐ ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் ஒரே தொட்டி ஒத்து வராது. ஆஸ்கார் 30 செ.மீ. வரை வளரும், வாய்க்குள் அடங்குகிற மீனை விழுங்கிவிடும். பிளவர்ஹார்ன் தனியாக இருந்தால்தான் எல்லாருக்கும் நிம்மதி. அதனால் முதலில் எந்த ஊர்த் தண்ணீர் மீன் என்று முடிவு செய்யுங்கள். நிறம் அப்புறம்.

மலாவி ஏரியில் மட்டும் 700க்கும் மேற்பட்ட சிக்லிட் வகைகள் உண்டு. அவற்றில் பாறை இடுக்குகளில் வாழ்கிறவற்றை ம்புனா என்பார்கள். கடைகளில் ‘மிக்ஸ் ஆப்பிரிக்கன்’ என்று ஒரே தொட்டியில் கலந்து விற்பது பெரும்பாலும் இவற்றைத்தான். எல்லாம் மூன்று நான்கு செ.மீ. குட்டிகள், மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாக மின்னும். இங்கேதான் புதியவர்கள் சிக்குகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனை ஈப்போவில் ஒரு கடைக்கு அழைத்துப் போனபோது அவன் நேராக ஆரேட்டஸ் முன்னால் போய் நின்றான். மஞ்சள் உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக நீளக் கோடுகள். “அண்ணே, இந்தத் தொட்டியிலேயே இதுதான் அழகு. இத எடுத்துக்கலாமா?” என்றான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண் ஆரேட்டஸ் வளரும்போது மஞ்சள் மறைந்து உடம்பு கறுத்துவிடும். கூடவே முரட்டுத்தனமும் வந்துவிடும். தொட்டி முழுவதும் தனக்குத்தான் என்று நினைக்கும் மீன் அது. துரத்தப்படுகிற மீன் ஹீட்டருக்குப் பின்னாலோ தண்ணீர் மட்டத்திலோ ஒதுங்கி, வால் கிழிந்து, சாப்பிடாமல் கிடந்து சாகும். இதைச் சொன்னதும் பையன் வேறு தொட்டிக்கு நகர்ந்துவிட்டான். கென்யியும் இதே ரகம். அதில் பெண் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். குட்டியில் எல்லாமே நீலமாக இருக்கும் என்பதால் எது ஆண் என்றுகூடத் தெரியாமல் வாங்குவோம். டெமசோனி அழகான சின்ன மீன், ஆனால் தன் இனத்தையே சும்மா விடாது. பன்னிரண்டுக்குக் குறையாமல் கூட்டமாக விட்டால்தான் சண்டை பரவி அடங்கும். தொடக்கத்தில் இந்த மூன்றும் வேண்டாம்.

இப்போது என் தொட்டிக்கு வருகிறேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 240 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு வகையிலும் ஆறு என்று, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குட்டியாக விட்டேன். முன்பின்னாக விட்டால் முதலில் வந்தவன் இடம் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவனை அடிப்பான். வளர வளர, அதிகம் மோதுகிற ஆண்களை எடுத்துவிட்டு ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்குக்குக் கொண்டு வந்தேன். ஒரே பெண் இருந்தால் அதைத் துரத்தியே ஆண் கொன்றுவிடும்.

எல்லோ லேப் பத்து செ.மீ. வரை வளரும். ஏரியின் மேற்குக் கரையில் ஒரு சிறு பகுதியில்தான் இது இந்த மஞ்சளில் இருக்கிறது. சாதுவான ம்புனா என்று பெயர் எடுத்த மீன், என் தொட்டியிலும் அந்தப் பெயரைக் கெடுக்கவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ரெட் ஸீப்ரா என்ற இன்னொரு ம்புனாவோடு சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்து குஞ்சு போடும். அந்தக் கலப்பைப் பிறகு எல்லோ லேப் என்று யாராவது வாங்கிப் போவார்கள், இனமே கெட்டுப்போகும்.

ரஸ்டி அதிகம் கண்ணில் படாத மீன். துருவும் ஊதாவும் கலந்த நிறம், கடைத் தொட்டி வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிவதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டில் கறுப்புப் பின்னணி போட்டுப் பாருங்கள். மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். அசெய் ஊதா உடம்பு, மஞ்சள் வால். மற்ற ம்புனா போலப் பாறைக்குள் பதுங்காமல் நடுத் தண்ணீரில் கூட்டமாக நீந்தும், அதனால் மேல் பாதி காலியாகத் தெரியாது. ஆனால் 12 செ.மீ.க்கு மேல் போகும் மீன், மூன்றடித் தொட்டியில் அதை அடைக்காதீர்கள்.

கல் நிறைய வேண்டும். லயத்து வீடுகள் மாதிரி ஆளுக்கொரு வாசல் இருந்தால் சண்டை பாதியாகக் குறைகிறது. சிறு கற்களை ஒட்டாமல் குவிக்காதீர்கள். மீன்கள் மணலைத் தோண்டும், குவியல் சரிந்தால் கண்ணாடி உடையும். பெரிய கற்களை நேரடியாகத் தொட்டியின் அடியில் வைத்து, பிறகு மணலைப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எங்கள் பைப் தண்ணீரை டெஸ்ட் கிட் மென்மையாகவே காட்டுகிறது. அதைக் கடினமாக்க நான் பவளத் துண்டுகளை வலைப்பையில் போட்டு ஃபில்டருக்குள் வைத்திருக்கிறேன். ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளுக்கா பஞ்சம்? அந்தக் கல்லும் உதவும். கல்லின் மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும், அது சுண்ணாம்புக் கல். கிரானைட் என்றால் சொட்டு அப்படியே நிற்கும், தண்ணீரையும் மாற்றாது. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பிஎச் ஏறினால், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷமும் ஏறும். தொட்டி வைத்த முதல் வாரமே மீன் விடுவது ம்புனாவுக்கு மற்ற மீன்களைவிட ஆபத்து. ஃபில்டரில் பாக்டீரியா வளர்ந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு விடுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன், ஆன்டி குளோரின் போட்டுத்தான்.

ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை. மத்தியானம் தகரக் கூரை கொதிக்கும்போது தண்ணீர் 30ஐத் தாண்டுவதுதான் கவலை. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். சின்ன மேசைக் காற்றாடியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் அடிக்கவிட்டால் ஓரிரண்டு டிகிரி இறங்கும். கரண்ட் போகும் நாளுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

தீனி விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். சிவப்புப் புழு கொடுத்தால் மீன் சீக்கிரம் வளரும் என்பார்கள். பாசி மேய்கிற ம்புனாவின் குடல் நீளமானது. புரதம் அதிகமானால் வயிறு வீங்கி, வெள்ளை நூல் போலக் கழிந்து, சாப்பாட்டை விட்டுவிடும். மலாவி ப்ளோட் என்பது இதுதான். அந்த நிலைக்குப் போன மீன் பிழைப்பது கஷ்டம். நான் ஸ்பைருலினா என்ற பாசி உள்ள தீனியைத்தான் அளவாகக் கொடுக்கிறேன். வாரத்தில் ஒருநாள் கங்கோங் கீரையை லேசாக வெந்நீரில் போட்டெடுத்துக் கல்லில் கட்டிவிடுவேன். முதலில் அசெய் கூட்டம் வந்து தலைகீழாக நின்று கொறிக்கும். ரஸ்டி ஓரமாக வந்து ஒரு கடி கடித்துவிட்டு ஓடும். மாலைக்குள் தண்டு மட்டும் மிஞ்சும்.

குஞ்சு போடுவதைப் பார்ப்பதற்காகவே இந்த மீன்களை வளர்க்கலாம். பெண் முட்டைகளை வாயில் வைத்துக்கொள்ளும், கிட்டத்தட்ட மூன்று வாரம். தொண்டை உப்பி, மென்று கொண்டே இருப்பது போல வாய் அசையும். தீனி போட்டால் மற்றவை பாயும்போது அது மட்டும் பின்வாங்கி நிற்கும். நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். தொட்டியிலேயே விட்டால் குஞ்சுகளில் பெரும்பாலானவை தீனியாகிவிடும், இடுக்கில் ஒளிந்த ஓரிரண்டு தப்பும். எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

பாசி தின்னட்டும் என்று பண்டாராயா மீனை (கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் பிளெக்கோ) விடாதீர்கள், அது அரை மீட்டர் வரை வளர்ந்துவிடும். அதே ரகத்தில் சிறியதான பிரிஸில்நோஸ் போதும். அதைவிட முக்கியமாக, மிஞ்சிய மீனை ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ கொட்டாதீர்கள். பண்டாராயாவும் பீகாக் பாஸும் நம் நீர்நிலைகளில் பரவி, உள்ளூர் மீன்களைப் படுத்துகிற பாடு போதும். பீகாக் பாஸும் ஒரு சிக்லிட்தான்.

என்னிடம் இப்போது ரஸ்டி குட்டிகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் காசில்லாமல் தருகிறேன். நாலடித் தொட்டி இருக்க வேண்டும், ஃபில்டர் ஓடத் தொடங்கி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், உள்ளே ஆரேட்டஸ் இருக்கக் கூடாது.