உப்புக் காற்றில் மூன்று வருடம்: ஃப்ரீபிஎஸ்டி சர்வரும் ஒரு இன்டெல் நெட்வொர்க் கார்டும்

கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் சாலையில் எங்கள் ஆல்பம் டிசைன் கடை. கல்யாணப் படங்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்க, ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளம் போட்ட ஒரு கம்ப்யூட்டரை மூன்று வருடமாக சர்வராக ஓட்டுகிறேன். போர்டோடு வந்த நெட்வொர்க் போர்ட்டை விட்டுவிட்டு இன்டெல் கிகாபிட் கார்டு ஒன்றைச் செருகினேன்.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவும் வேலையே இல்லை. இந்த கார்டுக்கான இஎம் (em) டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் இன்டர்ஃபேஸின், அதாவது நெட்வொர்க் இணைப்பின், பெயர் டிரைவரின் பெயரிலிருந்து வருகிறது. பழைய போர்ட்டில் ஆர்இ0 (re0) என்று இருந்தது, கார்டு மாறியதும் இஎம்0 (em0) ஆகிவிட்டது. தொடக்க அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் (rc.conf) கோப்பில் பழைய பெயரே இருந்ததால் முதல் நாள் ஐபி முகவரி ஏறவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தி, நெட்வொர்க்கைத் தொடங்கும் நெட்இஃப் (netif) சேவையை மறுபடி தொடங்கியதும் சரியாகிவிட்டது.

முதல் வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒருநாள் கடைத் தம்பி, "அண்ணே, காப்பி நகரவே மாட்டேங்குது" என்றான். சின்னக் கோப்புகள் ஓடின, பெரியவை திணறின. டிரைவர் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். இணைப்பின் நிலையைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக் (ifconfig) கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், மீடியா வரியில் 100 மெகாபிட், ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் அனுப்பவோ பெறவோ மட்டும்) என்று இருந்தது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சைப் பார்க்க வந்தவர், அதில் எங்கள் போர்ட்டை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரண்டும் ஒரே நேரத்தில்) என்று கையால் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பக்கம் பூட்டியிருந்தால் மறுபக்கம் வேகத்தைக் கண்டுகொள்ளும், டூப்ளெக்ஸைக் கண்டுகொள்ளாது. விதிப்படி ஹாஃபுக்கு இறங்கிவிடும். அதன்பின் சுவிட்ச் எந்நேரமும் அனுப்ப, எங்கள் கார்டு அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கும். கெர்னலின் எண்ணிக்கைகளைக் காட்டும் சிஸ்சிடிஎல் (sysctl) கட்டளையில் டெவ்.இஎம்.0 (dev.em.0) என்பதன் கீழ் தாமத மோதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. சுவிட்சை, தானாகப் பேசித் தீர்மானிக்கும் ஆட்டோவுக்கு மாற்றியதும் நின்றது. டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நடந்ததை அதுதான் சரியாகச் சொன்னது.

இரண்டாவது முறை கோளாறு வேறு. ஃபுல் டூப்ளெக்ஸ்தான், ஆனால் வேகம் 1000-லிருந்து 100-க்கு இறங்கியிருந்தது. 32 ஜிபி கேமரா மெமரி கார்டு ஒன்றை ஏற்ற ஐந்து நிமிடம் ஆன இடத்தில் முக்கால் மணிக்கு மேல் ஆனது. இம்முறை மோதல் இல்லை, சிஆர்சி பிழைதான், அதாவது வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கைதான், ஏறியது. அப்படியென்றால் கம்பியைப் பார்க்க வேண்டும். நெட்வொர்க் கம்பியின் ஆர்ஜே45 பிளக்கைக் கழற்றினால் பின்கள் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கடற்கரைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். அதனால்தான் இணைப்பு அறுந்துபோகாமல் வேகம் மட்டும் குறைந்தது. முனையை வெட்டிப் புதிய பிளக்கை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்), காலியாக இருந்த போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டேன்.

தரவைப் பெரிய பொட்டலங்களாக அனுப்பும் ஜம்போ ஃப்ரேம் ஆசையில், பொட்டலத்தின் அதிகபட்ச அளவான எம்டியுவை 9000 பைட் ஆக்கியும் பார்த்தேன். அதே நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாமே அதற்கு ஒத்துவர வேண்டும். எங்கள் பழைய பிரிண்டர் ஒத்துவராது. 1500-க்கே திரும்பிவிட்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேன் (man) பக்கம், அதாவது இயங்குதளத்தோடு வரும் கையேடு. சாதனங்களுக்கான பக்கங்கள் நான்காம் பிரிவில் இருக்கின்றன. மேன் 4 இஎம் என்று அடித்தால் எந்தெந்த கார்டுகள் ஓடும், எதை மாற்றலாம், பிழைச் செய்தி வந்தால் என்ன பொருள் என்பதெல்லாம் இணையம் இல்லாமலே படிக்கக் கிடைக்கும். புயல் மழையில் லைன் போன நாட்களில் அதை வைத்துத்தான் வேலை பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்பும் பிளக்குகளை மாற்றிவிடுகிறேன். மாதம் ஒருமுறை தாமத மோதல், சிஆர்சி பிழை என்ற அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பார்த்துக் குறித்து வைக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது இரண்டும் சுழியம்.